மறுபடியும் நகரி லேப்டாப்

நகரி பஸ்ஸிலிருந்து இறங்கி, கறுப்புப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு யாமினி கடைப்படி ஏறுவதைப் பார்த்ததும் சுதீருக்கு இருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் தீர்ந்துபோயிற்று. இந்தப் பெண் வேண்டுமென்றேதான் லேப்டாப்பைக் கெடுத்து எடுத்துக்கொண்டு வருகிறாள்.

திருப்பதி பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் அவனுடைய ரிப்பேர் கடை. அங்கே வரும் பெண்கள் எல்லோரும் அவனை ‘அண்ணா’ என்பார்கள். யாமினி மட்டும் இதுவரை தவறிப்போய்க்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

முதல் தடவை அவள் தன் அப்பா கன்னையாவோடு வந்தாள்; அவளுக்கு அவர் ‘நைனா’. காலேஜில் சேர்ந்தபோது செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேப்டாப். அதை ஆன் பண்ணிவிட்டுக் குளித்து, தலை துவட்டி, டிபன் முடித்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

“பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டு புதுசு வாங்கிக்கங்க,” என்றான் சுதீர்.

“எனக்கு இதுல ஒரே ஒரு வேலதாங்க. பொடவ பார்டருக்கு டிசைன் போடணும். அது ஓடுனா போதும்,” என்றாள் யாமினி. அவர்களுக்கு நகரியில் விசைத்தறி.

அந்தப் ‘போதும்’ அவனுக்குப் பிடித்துப்போயிற்று. ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிவிட்டு எஸ்எஸ்டி போட்டான். ரேமை மாற்றினான். விண்டோஸைத் துடைத்துவிட்டு, இலேசான லினக்ஸ் ஒன்றை ஏற்றினான். கட்டம் கட்டமாக வரைவதற்கு ஒரு குட்டி சாஃப்ட்வேர்; ஒரு கட்டத்துக்கு ஓர் இழை என்று கணக்கு. கிழட்டு மெஷின் கண்ணை மூடித் திறப்பதற்குள் எழுந்து உட்கார்ந்தது. யாமினி அங்கேயே ஒரு மாங்காய் வரைந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

அத்தனை நேரமும் கன்னையா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். “இது இன்னா தம்பி? உள்ள இத்தினூண்டு ஃபேன் எதுக்கு?” என்று கேள்வி மேல் கேள்வி. நடுநடுவே, “சொந்த ஊரு எது? கூடப் பொறந்தவங்க எத்தினி பேரு?” பார்ட்ஸை எங்கே சுட்டுவிடுவானோ என்று மனுஷனுக்குப் பயம் போலிருக்கிறது என்று சுதீர் நினைத்துக்கொண்டான்.

அதற்கப்புறம்தான் கூத்து. கொஞ்ச நாளில் யாமினி தனியாக வந்தாள். திரை கறுப்பாகவே இருக்கிறதாம். திறந்து பார்த்தால் ரேம் பாதி கழன்று நின்றது. அமுக்கிவிட்டு அனுப்பினான். அடுத்து கீபோர்டு வேலை செய்யவில்லை. உள்ளே பட்டை ஒயர் வெளியே வந்திருந்தது. அப்புறம் மறுபடி ரேம். சுதீர் இஸ்திரி போட்ட சட்டையாகப் பார்த்துப் போட ஆரம்பித்தான். டீ சொன்னால் இரண்டாகச் சொன்னான். லேப்டாப் பிழைத்த அன்றைவிட அது திரும்பிவந்த அன்றுதான் அவன் அதிகமாகச் சந்தோஷப்பட்டான்.

இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று தீர்மானித்திருந்தான்.

“இன்னிக்கு இன்னா ஆச்சு?”

“ஆன் ஆவுது. கொஞ்ச நேரத்துல அடுப்பாட்டம் சுட்டு, அதுவா ஆஃப் ஆயிடுது. தீபாவளி ஆர்டரு கீது, டிசைன் பாதியில நிக்குது.”

சுதீர் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். திரும்பக் கீழே வைத்தான்.

“ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்க மாட்டீங்களே? ரேமு தானா கழண்டுக்காதுங்க. யாராவது கழட்டணும். நீங்க இங்க வர்றதுக்கு எதுக்குங்க இவ்ளோ கஷ்டம்? சும்மாவே வரலாமே.”

யாமினிக்குக் கோபம் வந்தால் தெலுங்குதான் முந்திக்கொண்டு வரும். “ஏமண்டி, நேனா?” என்றாள். “நானா கழட்டுறேன்? நீங்கதான அரையும் கொறையுமா மாட்டி அனுப்புறீங்க, நான் திரும்பத் திரும்ப வரணும்னு?”

“நானா?”

“பின்ன? ரெண்டாவது வாட்டியே எனக்குத் தெரிஞ்சிபோச்சி.”

“தெரிஞ்சுமா பஸ் ஏறி வந்துக்கினு இருந்தீங்க?”

யாமினி பையின் ஜிப்பை இழுத்து மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். சுதீருக்குத் தலைக்கு மேலே ஓடிய ஃபேன் தன்னையும் சேர்த்துச் சுற்றுவது போலிருந்தது. முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. நிறுத்த முடியாமல் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“நெஜமா நீங்க கழட்டலியா?” என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

“பெருமாள் மேல சத்தியம். நீங்க?”

“எனக்கு அந்த மூடியத் தொறக்கவே தெரியாதுங்க.”

சிரிப்பு நின்றது. சுதீர் அவசரமாக லேப்டாப்பைக் கவிழ்த்து ஸ்க்ரூக்களைக் கழற்றினான். ரேம் அதன் இடத்தில் கெட்டியாக உட்கார்ந்திருந்தது. கீபோர்டு பட்டையும் சரியாகவே இருந்தது. இருந்த படபடப்பில் அடுத்து எதைப் பார்ப்பது என்றே தோன்றாமல் தலையைச் சொறிந்தான்.

அப்போது யாமினியின் போன் அடித்தது.

“சொல்லு நைனா. கடையிலதான் கீறேன். தொறந்து பாத்துக்கினு கீறாரு, இன்னான்னு தெரியலியாம்.” சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, குழம்பிய முகத்தோடு போனை அவனிடம் நீட்டினாள். “உங்ககிட்ட பேசணுமாம்.”

சுதீர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டான். அந்தப் பக்கம் தறி ஓடும் சத்தம். அதற்கு நடுவே கன்னையாவின் குரல் நிதானமாக வந்தது.

“இந்த வாட்டி ரேமு இல்ல மாப்ள, ஃபேன் ஒயரு.”