கராஜுக்குள் இருந்த பெண்

மச்சாள் சுலோச்சனா காஞ்சிபுரம் உடுத்திக்கொண்டு வந்திருந்தாள். படத்துக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்க.

படம் எங்கள் ஹோலில், சோபாவில் சாய்ந்திருந்தது. நீலச் சட்டை போட்ட ஒரு கறுப்புப் பெண், தலையில் மஞ்சள் துணி, இருபது வயதுதான் இருக்கும். அவளுக்குக் கீழே துவாய் விரித்திருந்தார் என் மனுசன் சண்முகராசா. அதுவும் என்னுடைய நல்ல துவாய்.

எட்டு வருடமாக அவள் கராஜுக்குள், அரிசி மூட்டைக்குப் பின்னால், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது துவாய் விரிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. 'காப்பிலிப் படம்' என்று பெயர் வைத்ததே இந்த மச்சாள்தான். இன்றைக்கு, "என்ன வடிவான கண், பாருங்கோ" என்கிறாள். தூ.

கராஜைத் துப்பரவாக்கப் போன மகன் மிதுலன், எறிவானேன் என்று படத்தை இணையத்தில் போட்டான். இலவசம், வந்து எடுத்துக்கொண்டு போகலாம். ஒரு மணித்தியாலத்தில் ஓவியங்களை ஏலம் விடுகிற இடத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரி போன் அடித்தாள். தொடவேண்டாம், துடைக்கவேண்டாம், இதோ வருகிறேன் என்றாளாம்.

நைஜீரியாவின் பெரிய ஓவியர் ஒருவர் கீறியதாம். ஐம்பது வருடமாகத் தேடினார்களாம். ஒரு புத்தகத்தில் மங்கலான போட்டோ மட்டும்தான் மிச்சமாம். விற்றால் லண்டனில், இதே கிங்ஸ்பரியில் இதைப்போல இரண்டு வீடு வாங்கலாமாம். ஓவியரின் பெயரை வெள்ளைக்காரி இரண்டு தரம் சொன்னாள். மூன்றாம் தரம் என் மனுசன் சொன்னார், ஏதோ தன்னோடு ஒரே வகுப்பில் படித்தவர்போல.



அந்தப் படத்தை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தவன் ஒபின்னா. என் மகள் ஜதுர்ஷிகாவைக் கட்டியவன். பெண் கேட்டு வந்த அன்று, "பெரியவர்கள் வந்து கேட்பதுதான் உங்கள் வழக்கமாம். எனக்குப் பெரியவர்கள் என்று ஒருவரும் உயிரோடு இல்லை. அதனால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன்" என்று சொல்லி, படத்தை இரண்டு கையாலும் நீட்டினான்.

இவர் கையை நீட்டவில்லை. டிவியைப் போட்டுக் கிரிக்கெட் பார்த்தார். மச்சாள் மூக்கைப் பொத்தாத குறை. ஜது அவனை இழுத்துக்கொண்டு போன வேகத்தில் படம் இங்கேயே நின்றுவிட்டது.

அவளின் குரலைக் கேட்டு எட்டு வருடம். பேரப்பிள்ளைகள் இரண்டு பேர். அடுத்தவர்களின் போனில்தான் பார்த்திருக்கிறேன்.

வெள்ளைக்காரி ஒரு பேப்பரை விரித்தாள். படம் யாரிடமிருந்து வந்தது என்று எழுதி, வீட்டுக்காரர் இருவரும் கையெழுத்துப் போடவேண்டும்.

பழைய சாமான் கடையில் வாங்கியது என்றார் இவர், நல்ல இங்கிலீஷில். கடையை இப்போது பூட்டிவிட்டார்களாம். மழை பெய்த நாளாம். ஐயோ, என்ன வாய்!

பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "நீர் வாயைத் திறக்காதையும். தெரிஞ்சா அவன் தன்ரை எண்டு வந்து நிப்பான்."

அவனுடையதுதானே! பெற்ற தாயைப் பிள்ளையிடம் களவெடுக்கிற மனுசருக்கு நெற்றி நிறையத் திருநீறு வேறு. இவரோடு முப்பத்தைந்து வருடம் ஒரே பாயில் படுத்தேனே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

உண்மையைச் சொன்னால் படத்தை எடுக்க என்றாவது ஜது இந்தப் படி ஏறுவாள். பொய்யில் கையெழுத்துப் போட்டால் இனி வரவே மாட்டாள்.

பேனையை என்னிடம் தந்த வெள்ளைக்காரி, இந்தப் பெண் யாரென்று தெரியுமா என்று சும்மா கேட்டாள். தெரியாதென்று இவர் தலையை ஆட்டினார்.

"எங்கட சம்மந்தி," என்றேன்.

மச்சாள் வாயில் கை வைத்தாள். "உமக்கென்ன விசரே?" என்று இவர் பாய்ந்தார்.

வெள்ளைக்காரிக்கு விளங்கவில்லை. ஆங்கிலத்தில் அந்த உறவுக்குச் சொல்லும் இல்லை. என் மகளின் மாமியார், நாங்கள் வாங்கவில்லை, படம் அவவின் மகனுக்குச் சொந்தம் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டே வந்தாள். எட்டு வருடத்தில் முதல் தரம் எனக்கு நெஞ்சு லேசானது.

சம்மந்தியின் பெயர் என்ன என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது.

ஒபின்னா அன்று சொன்னவன். இதே ஹோலில் நின்று, அம்மாவின் பெயரையும் அதன் கருத்தையும் இவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. நான் குசினியில் நின்றேன். அவன் தேத்தண்ணி குடித்து வைத்த கப்பை இரண்டு விரலால் பிடித்து, குப்பை வாளிக்குள் போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று நிமிர்ந்தால், குசினிக் கதவடியில் ஜது, என் கையையே பார்த்துக்கொண்டு.