தலைமைச் செயல் அதிகாரியின் ஜெராக்ஸ் கடை

வரிச்சிக்குடி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குள் காலை வெயில் நுழைந்து, ‘சிவநாதன், நிறுவனர் மற்றும் தலைமைச் செயல் அதிகாரி’ என்ற பித்தளைப் பலகையில் மின்னுகிறது. நிறுவனம் என்பது ஒரு மிஷின், ஒரு கம்ப்யூட்டர், இன்று வேலைக்குச் சேர வந்திருக்கும் தேவிகா. சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேருக்கு நியமன ஆணை அடித்துக் கொடுத்த கடை இது. தேவிகா தன்னுடையதைக் கேட்டுவிட்டு, தோளில் மாட்டிய பையோடு நிற்கிறாள். “நாமல்லாம் ஒரே குடும்பம்மா. குடும்பத்துக்குள்ள எதுக்குப் பேப்பரு?” என்கிறார் சிவநாதன். “குடும்பத்துல ஏற்கெனவே ஏழு நாளும் வேலைதான் சார். வாரம் ஒருநாள் லீவுன்னு எழுத்துல குடுத்தா இருக்கேன். இல்லன்னா வர்ற பஸ்ல கெளம்புறேன்.” தூரத்தில் ஹாரன் கேட்கிறது. தலைமைச் செயல் அதிகாரி அவசரமாகக் கீபோர்டு முன் உட்கார்ந்து, ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடுகிறார். பிரிண்டர் முனகிக்கொண்டே ஒரு தாளைத் தள்ளுகிறது. கம்பீரமாகக் கையெழுத்துப் போட்டு நீட்டுகிறார். தேவிகா சூடு ஆறாத தாளை நிதானமாகப் படிக்கிறாள். “லீவெல்லாம் சரியா இருக்கு சார். ஆனா கீழ உங்க பேருக்கு மேல ரைஸ்மில்லுன்னு இருக்கு.” ரைஸ்மில்லுக்கு அடித்த பழைய ஆணையில் பெயர்களையும் லீவையும் மட்டும் மாற்றியவர் பலகையைப் பார்க்கிறார். பஸ் வந்து நின்று, புழுதியைக் கிளப்பிவிட்டுப் போகிறது. தேவிகா பையை ஆணியில் மாட்டுகிறாள். “எந்திரிங்க சார், நான் அடிக்கிறேன்.”