அவிட்டத்து வன்னி

"மேடம், சிவனாண்டி அண்ணாச்சி போயிட்டாரு!"

மூச்சிரைக்க ஓடி வந்து சொன்னார் வாட்சர் முப்பிடாதி. வனக்காப்பாளர் பேச்சிச்செல்வி தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயையோ! நேத்துகூட ஒரு இலை இருந்துச்சேண்ணே!"

போன வருஷம் பங்குனியில் செம்மணல் தேரிக்காட்டில் முப்பது ஏக்கர் எரிந்து சாம்பலானது. மறுபடி காடாக்க வேண்டுமே! ஏரல் பஜார்க்காரர்களிடம் ஆளுக்கொரு நட்சத்திர மரம் கேட்டு வாங்கி, ஐப்பசி ஈரத்தில் நானூறு கன்று நட்டாள் செல்வி. அவரவர் நட்சத்திரத்துக்கு உண்டான மரம் தழைத்தால் ஆளும் தழைப்பான், பட்டால் ஆளும் படுவான் என்பது ஊர் நம்பிக்கை.

வாரம் தவறாமல் ஒவ்வொரு கன்றையும் போனில் படம் பிடித்து ஆபீசுக்கு அனுப்பவேண்டும். அப்படி அலைந்ததில், கொடுத்தவர் பேரே கன்றுக்கும் பேராகிவிட்டது.

பாத்திரக்கடை சிவனாண்டி அண்ணாச்சி மட்டும் தனி ரகம். அவிட்டத்துக்குரிய வன்னிக் கன்றோடு வந்தவர், "பலகையில பேரெல்லாம் எதுக்கு தாயி, விளம்பரமா? அவிட்டம்னு மட்டும் எழுது, போதும்" என்றார். நல்ல பள்ளங்களை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்து, தண்ணீர் நிற்காத மேட்டு மணலைக் கேட்டு வாங்கினார். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனுஷனா என்று செல்விக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அந்தப் புண்ணியவானின் கன்றுதான் இப்போது சுள்ளியாக நிற்கிறது. அவரோ இன்னும் அரை மணி நேரத்தில் பார்க்க வருகிறார்!

"தொட்டி வறண்டு நாலு நாளாச்சு. தண்ணி லாரிக்கு அவருகிட்டதான் கேட்டிருக்கேன். தன் மரமே பட்டுக் கிடக்கதப் பார்த்தா ஒரு செம்புத் தண்ணி தருவாரா? நானூறும் காஞ்சிரும்ணே." செல்விக்கு அழுகையே வந்தது.

முப்பிடாதி தலையைச் சொறிந்தார். "தொட்டிப் பக்கம் நாம வச்ச வன்னி ஒண்ணு பசபசன்னு நிக்கி. பலகைய மட்டும் மாத்திருவமா?"

"அது பொய்யாயிருமேண்ணே?"

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுதாவ. ஒரு பொய் சொல்லி நானூறு மரத்தக் காப்பாத்தக் கூடாதா?"

பலகை இடம் மாறியது. சொன்ன நேரத்துக்கு அண்ணாச்சி காரில் வந்து இறங்கினார்.

"நம்ம அவிட்டம் எப்படி இருக்கு தாயி?" கேட்கும்போதே கண்ணில் ஒரு பரபரப்பு. "முதல்ல மரத்தப் பாப்பம். மனசு குளுந்துச்சுன்னு வையி, லாரி என்ன, போர்வெல்லே போட்டுத் தாரேன்!"

செல்விக்குக் கால் தரையில் பாவவில்லை. நேராகத் தொட்டிப் பக்கம் கூட்டிப்போனாள். இடுப்புயரத்துக்குத் தழைத்து நின்றது வன்னி, முன்னால் 'அவிட்டம்' பலகை.

அண்ணாச்சி மரத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "நான் மேட்டுலல்லா வைக்கச் சொன்னேன்?"

"அங்கன வாடுச்சு அண்ணாச்சி. எனக்கு மனசு கேக்கல. வேரோட எடுத்து இங்கன வச்சு, தெனம் ரெண்டு குடம் ஊத்துதேன்."

"ரெண்டு குடமா!" விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு அண்ணாச்சி சுடுமணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சந்தோஷத்தில் தலை சுற்றிவிட்டது போல என்று நினைத்தாள் செல்வி. குனிந்து ஆசையாகச் சொன்னாள்: "இனி கவலையே வேண்டாம் அண்ணாச்சி, உங்க அவிட்டத்துக்கு நூறு வயசு!"

அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏளா, அவிட்டம் என் நட்சத்திரமில்ல... எதுத்த கடைக்காரன் நட்சத்திரம்!"