முதலாளி மெச்சிய கோப்பை

முதலில், பீப்பாய்க் கிடங்கில் டீ நேரத்தை வெட்டினார்கள். அடுத்து, கூரை ஒழுகுகிறது என்று சொன்னதற்கு, 'ஒழுகும் இடத்தில் நிற்காதீர்' என்று அறிவிப்பு ஒட்டினார்கள். அதற்கும் அடுத்து, தொழிற்சங்கத் தலைவரின் தங்கை கலந்த சிவப்பு ஒயினை முதலாளியின் மருமகன் பெயரில் பாட்டிலில் அடைத்தார்கள். லேபிளில் கொட்டை எழுத்தில், 'சின்ன முதலாளி'!

சங்கத் தலைவர் எந்தக் கூட்டத்திலும் இதே வரிசையில்தான் மூச்சுவிடாமல் சொல்லுவார். அந்த மலைத் தோட்டத்துத் திராட்சைக் கொடிகளுக்கே மனப்பாடம்.

இந்த வருடம் அவர் விடவில்லை. வேலைநிறுத்தம் என்றார். முதலாளி இறங்கி வந்தார். பிரீமியம் ஒயினுக்குத் தங்கைக்கும் மருமகனுக்கும் போட்டி. விதிகளை எழுதியவர் தலைவரே. கலந்தவர் பெயர் கோப்பையின் அடியில் மறைந்திருக்கும். தொழிலாளர்கள் கை தூக்கித் தீர்மானிப்பார்கள். தலைவர் எல்லார் முன்னாலும் பெயரைச் சத்தமாக வாசிப்பார். ஜெயித்தவருக்குக் கலவைக் கூடத்தின் முழுப் பொறுப்பு.

தோற்றால் தங்கை மறுபடி பீப்பாய் கழுவப் போகவேண்டியதுதான்.

மேஜையில் இரண்டு கோப்பைகள். முதலாளி முதல் கோப்பையை உதட்டில் வைத்துக் கண்ணை மூடினார்.

"அடேயப்பா! ஒயின்னா இதுதான்யா!"

தலைவர் மீசைக்குள் சிரித்தார். "பாத்தீங்களா தோழர்களே? மருமகன் சரக்கு எதுன்னு மாமனார் வாயாலயே வந்துடுச்சு!"

"எனக்கெப்படிய்யா தெரியும்? பேரு மறைஞ்சில்ல இருக்கு?"

"உங்களுக்குத் தெரியாதது ஒண்ணுதான் மொதலாளி. கூரை ஒழுகறது."

கிடங்கே சிரித்தது. தங்கை மட்டும் கையைப் பிசைந்தாள்.

"அண்ணே, நீ ஒரு வாய் குடிச்சுப் பாருண்ணே."

"மொதலாளி மெச்சினதை நான் தொடறதா? என் கொள்கை என்னாகறது?"

"அதில்லண்ணே..."

"போட்டியில நிக்கறவங்க வாயைத் திறக்கக் கூடாது. விதி. நான்தான் எழுதினேன்."

மேஸ்திரி மெல்ல வந்து காதைக் கடித்தார். "தலைவரே, ஜாடியில மிச்சமிருந்ததை நாங்க எல்லாரும் ருசி பார்த்தோம். முதல்ல இருக்கறதுதான் பிரமாதம். ரெண்டாவது இருமல் மருந்து மாதிரி..."

"நாக்கை நம்பினா நாசமாப் போவோம்யா! மொதலாளி ஒண்ணுன்னா நமக்கு ரெண்டு. தூக்கச் சொல்லும் கையை!"

நாக்கெல்லாம் ஒரு பக்கம் இருக்க, கையெல்லாம் தலைவர் பக்கம் எழுந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை. அப்படியொரு கட்டுப்பாடு.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "சரிய்யா. உங்க இஷ்டம். ஜனநாயகம்."

தலைவர் இரண்டாவது கோப்பையைக் கம்பீரமாகத் தூக்கி, அடியைப் பார்த்தார்.

பிறகு பக்கத்துக் கோப்பையைப் பார்த்தார். முதலாளி அத்தனை மெச்சிய ஒயின், ஒரு சொட்டுக் குறையாமல் விளிம்பில் தளும்பிக்கொண்டிருந்தது.

தங்கை அதற்குள் மூலையில் கிடந்த ரப்பர் பூட்ஸை எடுத்து மாட்டத் தொடங்கியிருந்தாள்.

"சத்தமா வாசிங்க தலைவரே," என்றார் முதலாளி, குழைவாக. "எல்லார் காதுலயும் விழணும். நீங்க போட்ட விதிதானே?"

அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்:

"சின்ன முதலாளி."