எதிர்க் கோட்டை

எங்கள் எல்லையூரில் சுற்றிப்பார்க்க இருப்பது கோட்டை ஒன்றுதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம், அடுத்த நாட்டில், அச்சு அசலாக இன்னொரு கோட்டை. யார் யாரைப் பார்த்துக் கட்டினார்கள் என்று இரண்டு ராஜாக்களும் ஆயுள் முழுக்கச் சண்டை போட்டார்களாம். வேறு வேலை இல்லை போலிருக்கிறது.

லீவுக்கு வந்திருந்த அக்கா, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மதில்மேல் இருந்த தொலைநோக்கியில் பார்த்தாள்.

"டேய், அங்க ஒருத்தி என்னோட மஞ்சள் சட்டையே போட்டிருக்காடா!"

"தள்ளுபடியில வாங்கினா அப்படித்தான்."

அவளை நகர்த்திவிட்டு நான் பார்த்தேன். எதிர் மதிலில் நின்றது அக்காவேதான். பக்கத்தில் நானும் நின்றேன். அவள் இடுப்பில் மட்டும் குழந்தை இல்லை. அழுதபடி மூலை மூலையாகத் தேடிக்கொண்டிருந்தாள். அங்கிருந்த நான், அங்கிருந்த தொலைநோக்கியில் குனிந்து எங்களைப் பார்த்தேன். பிறகு குழந்தையை நோக்கிக் கை காட்டினேன். அவள் படிகளில் இறங்கி ஓடினாள்.

"அக்கா, வீட்டுக்குப் போலாம் வா."

"ஏன்டா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

குழந்தை அக்காவின் தோளைத் தள்ளிவிட்டு, ஆற்றைப் பார்த்து "அம்மா" என்று இரு கைகளையும் நீட்டியது.

திரும்பினேன். இப்போது அவளைப் பார்க்கத் தொலைநோக்கி தேவைப்படவில்லை. சொட்டச் சொட்ட எங்கள் கரையில் ஏறிக்கொண்டிருந்தாள்.