இரண்டாவது தாள்

"இரும்பைவிட எவ்வளவோ கனமான துகள்! எந்த நட்சத்திரம் வெடிச்சு வந்ததுன்னு இனி தேடலாம். எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க!" என்று இயக்குநர் பரஞ்சோதி லட்டு நீட்டிக்கொண்டிருந்தார். விண்வெளியிலிருந்து பாயும் துகள்களைப் பிடிக்கப் பலூனில் அடுக்கி அனுப்பிய பிளாஸ்டிக் தாள்களில், அந்தத் துகளின் தடம் என்று எல்லோரும் நம்பிய, மேல்தாளில் இருந்த ஊசிமுனைக் குழியைக் கண்டுபிடித்தவள் ஞானசெல்வி. உடன் ஆய்வு செய்யும் ரஹீமா அவள் காதருகே குனிந்தாள்.

"அடுத்த தாளைப் பார்த்தியாடி?"

"இதுவே போதும்னு நினைச்சேன்."

"அவ்வளவு கனமானது எல்லாத் தாளையும் துளைச்சுக்கிட்டுல்ல போகும்? இப்பத்தான் பார்த்தேன். அடுத்தது வழவழன்னு இருக்கு. இது தாளை எடுக்கிறப்ப உன் இடுக்கி குத்தின தடம்."

ஞானசெல்விக்குக் காதுமடல் கொதித்தது. கடித்த லட்டை மேசையில் வைத்தாள்.

"சார்கிட்ட சொல்லிடு."

"சொல்றேன்."

அதற்குள் பரஞ்சோதியே வந்துவிட்டார். "வாம்மா, பேப்பர்காரங்க காத்திருக்காங்க. உங்க அப்பாவுக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். மனுஷன் அழுதுட்டாரு."

அவள் போய் நின்று, தாளை நெஞ்சுக்கு நேரே உயர்த்திப் பிடித்தாள்.

"குழி தெரியலை மேடம்," என்றார் புகைப்படக்காரர். "கட்டைவிரலைக் கொஞ்சம் எடுங்க. அதைப் பார்க்கத்தானே எல்லாரும் வந்திருக்கோம்."