கடைசிக் கப்பலின் பெயர்

குண்டசாலையிலுள்ள இல்லத்தில் பழைய குளிர்சாதனப் பெட்டி பழுதடைந்திருந்தது. வானொலிப் போட்டியின் பரிசோ புத்தம் புதிய பெட்டி. ஆகவே இராஜகுமாரி அம்மையார், தொலைபேசியும் கையுமாக இருந்த மகளருகே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

போட்டிக்காக இலங்கைக் கடற்படைக் கப்பல்களின் பெயர்களைச் சுதர்சினி நன்கு மனனஞ் செய்திருந்தாள். சயுர, சாகர, கஜபாகு எனத் தடையின்றி விடையளித்தாள்.

“கடைசிக் கேள்வி! படையினரையும் வாகனங்களையும் கரையிறக்கும் நமது கப்பலின் பெயர் என்ன?”

சுதர்சினியின் முகம் சிவந்தது, வாய் திறக்கவில்லை. மணி ஒலித்தது. பரிசு கைநழுவிற்று.

“சக்தின்னு சொல்ல வேண்டியதுதானேடி! போன கிழமை கடகடன்னு ஒப்பிச்சியே!”

“போன கிழமை சொல்லலாம்மா. இப்ப சொல்லக்கூடாது.”

“ஏன்டி?”

“புருஷன் பேரை வாயால சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க? முந்தாநாள் கல்யாணத்தைப் பதிவு பண்ணிட்டோம்.”

அம்மையார் கதிரையில் பொத்தென்று அமர்ந்தார். “யாரு, கெலிஓயாக் கடைக்காரர் மகன் சக்தியா?”

சுதர்சினி தலையை மட்டும் அசைத்தாள்.

அம்மையார் தலையிலடித்துக்கொண்டார்.

“மடச்சி! அப்பவே போனை என்கிட்ட நீட்டியிருக்கலாமே. மாமியார் சொல்லலாம்டி!”